அறுபது டிகிரி

ஈவார் விட்டுப்போன சாம்பல் ஸ்வெட்டரை
அறுபது டிகிரியில் துவைத்துவிட்டேன்.
தவறுதலாக
என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டக் கதவைத் திறந்தால்
ஆறடி ஆளின் ஸ்வெட்டர்
ஐந்து வயது ஆஸ்லாக்குக்கும் பற்றாமல்
அட்டைபோல் விறைத்துக் கிடக்கிறது.
கம்பளி அப்படித்தான், சூடு தாங்காது.
சுருங்கும். இழைகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும்.
அதன்பின் எங்கே வெட்டினாலும்
பிரியாது.

"பிரியாதா?" என்றாள் சுன்னிவா.
ஒன்பது வயதில் சில சொற்கள்
காதிலேயே நின்றுவிடுகின்றன.
"நூல் பிரியாது" என்றேன்.

பள்ளி மூடியாயிற்று.
சூரியன் அதற்கும் முன்பே விடுமுறையில் போய்விட்டது,
இனி ஜனவரியில்தான் ஸ்வோல்வாருக்குத் திரும்பும்.
நண்பகல் என்பது இங்கே
சன்னலில் கொஞ்ச நேரம் தங்கும் ஒரு நீலம்.
அந்த நீலத்தில் ஊசிக்கு நூல் கோக்கலாம்.
மற்றதற்கெல்லாம் விளக்கு.

முதுகிலிருந்து ஆறு நட்சத்திரம்.
மார்பிலிருந்து நான்கு மணி, ஒரு கோணல் மீன்.
கழுத்துப்பட்டையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
ஆஸ்லாக் ராஜாவானான், கேட்டால் தரவில்லை.
எல்லாம் இரண்டிரண்டு என்பது சுன்னிவாவின் சட்டம்:
இந்த வீட்டு மரத்துக்கு,
ஸ்க்ரோவா தீவில் அப்பா வீட்டு மரத்துக்கு.
பல்துலக்கிகளைப் போல. தலையணைகளைப் போல.
பால் அட்டையின் உட்புறத்தில் கோடு கிழித்துக்
கணக்கு எழுதினாள்.
கோணல் மீனுக்கு மட்டும் இணை இல்லை.
நடுவில் வெட்டலாமா என்று கத்தரிக்கோலைத் திறந்து
யோசித்து
மூடினாள்.
"அது கடலில் தொங்கட்டும்" என்று ஆணையிட்டான் ராஜா.

இடது கை மிஞ்சியது.
அதை நறுக்கி, தலையணைப் பஞ்சைத் திணித்து
ஆஸ்லாக் ஓர் ஆடு செய்தான்.
ஆட்டிலிருந்து வந்தது
சுற்றிவிட்டு ஆடாகவே திரும்பியது.
கண்ணுக்கு இரண்டு கிராம்பு.
கால் மூன்று. நாலாவதற்குள் பசி வந்துவிட்டது.
வயிற்றை நானே தைப்பேன் என்று
என் மடியில் ஆட்டைக் கிடத்தி
நாக்கைத் துருத்திக்கொண்டு
சிவப்பு நூலில் ஒவ்வொரு தையலுக்கும்
ஊசியோடு அடுப்படிவரை நடந்துபோய் இழுத்தான்,
திரும்பி வந்தான்,
அடுத்ததைக் குத்தினான், நடந்தான்.

இஞ்சி பிஸ்கட் கருகும் வாசனை.
எழுந்தேன்.
ஆடும் எழுந்தது.

என் பாவாடையோடு சேர்த்து
பதினோரு தையல்.
"அவிழ்க்காதே. மூன்று காலில்
அது எப்படி நிற்கும்?"
நியாயம்தான்.
அதற்குள் படகுக்கு நேரமாகியிருந்தது,
ஒரு பூட்ஸ் காணாமல் போயிருந்தது,
மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடினோம்.

ஸ்க்ரோவா துறையில் ஈவார்
பைகளை வாங்கிக்கொண்டான். வானிலை பற்றிப் பேசினோம்.
மூன்று வருடமாக வானிலை பற்றித்தான்.
காற்று என் கோட்டைத் திறந்தது.
கிராம்புக் கண்ணால்
ஆடு அவனைப் பார்த்தது.

குனிந்தான். தடவினான்.
ஒரு பக்கம் படகுத் தார் அப்பிய பழைய கறை.
"இது என் கை."
"ஆமாம். இடது."
"எத்தனை டிகிரி?"
"அறுபது."
நான் எதிர்பார்த்தது சண்டை.
அவன் சிரித்த சிரிப்பில்
கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

பேனாக்கத்தியை விரித்து
மீன் வாயிலிருந்து முள்ளை எடுப்பதுபோல
ஒவ்வொன்றாக வெட்டினான்.
ஆஸ்லாக் ஆட்டின் காதருகே
"வலிக்காது, வலிக்காது" என்றான்.
யாருக்குச் சொன்னானோ.
சுன்னிவா மட்டும் எண்ணினாள், சத்தமாக, பதினொன்றுவரை.

திரும்பும் படகில் நான் தனி.
பாவாடையில் சிவப்புத் துணுக்குகள் மீசைபோல் நீட்டியிருந்தன.
கைக்குட்டை தேடிக் கோட்டுப் பையில் விரலை விட்டால்
கோணல் மீன்.
எப்போது போட்டார்கள், எவர் போட்டது, தெரியாது.

இருக்கைக்கு மேலே கோட்டு மாட்டும் கொக்கி ஒன்று.
மாட்டினேன்.
அரைமணி நேரம்
அலைக்குத் தக்கபடி ஆடிக்கொண்டு
கடலில்தான் தொங்கியது.