மூன்றாம் கட்டிலின் பந்தயம்

கல்முனை ஆசுபத்திரி, வியாழன், காலை ஏழரை.
எடை பார்த்தாயிற்று. எனக்கு இரண்டரைக் கிலோ நீர் கூட.
"தண்ணியக் குறைங்க எண்டு எத்தின தரம் சொல்ற?"
தாதி நிரோஷி ஏசுகிறாள்.
ஒருவருக்கும் காதில்லை.
நேற்றிரவு 'ஏழாம் மைல்' முடிந்துவிட்டது.

நாற்பது கிழமை.
நாலு கட்டில், ஒரே கொலை.
எங்கள் இரத்தம் குழாய்வழி வெளியே போய்
குளித்துவிட்டு வரும் நாலு மணித்தியாலமும்
வினோதாவைக் கொன்றது யார் என்பதே பேச்சு.
அதில் வரும் இரத்தம் தக்காளிச் சோஸ்தான்
என்பதில் மட்டும் எங்களுக்குள் பிளவில்லை.
அசலின் நிறம் தெரிந்தவர்கள் நாங்கள்.

நான் கடைசி எட்டு நிமிஷம் பார்க்கவில்லை.
கல்லாற்றில் கரண்ட் போய்விட்டது.
விடிய பஸ்ஸில் யன்னலோடு ஒட்டிக்கொண்டு வந்தேன்,
காதைப் பொத்தாத குறை.
மருதமுனையில் ஏறிய இரண்டு பெடியன்கள்
மிச்சக் காசு வாங்கிக்கொண்டே சொல்லிப்போட்டார்கள்:
"தேத்தண்ணிக்காரன்டா!"

உதுமாலெவ்வைக்கு இன்னும் ஆறவில்லை.
ஊசி ஏறும்போது கண் சிமிட்டாத மனிசன்
அசைக்கக் கூடாத கையால் காற்றை வெட்டுகிறார்.
"இன்ஸ்பெக்டர் எண்டா கடசியில
ஒரு அடியாவது அடிக்கணும்.
இவன் கதவத் திறந்து உட்டுட்டு
கடலப் பாத்துக்கிட்டு நிக்கான்!"
மெஷின் கூவுகிறது.
நிரோஷி வந்து குழாயை நேராக்கி
அவரையும் ஒரு பார்வையால் நேராக்குகிறாள்.

நாலாம் கட்டிலில் புவனமலர்,
கோர்ட்டில் முப்பது வருஷம் மொழிபெயர்த்தவர்.
"நாற்பது கிழமையில முடிஞ்ச வழக்கா?
என்ட காலத்தில எண்டா
இப்பதான் மூண்டாம் தவண."
சிரிக்கிறார். பிறகு சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான்
யாரும் பார்க்காமலிருந்த பக்கம் பார்த்தோம்.

மூன்றாம் கட்டில்.
சாய்ந்தமருது சுலைஹா, பதினோராம் கிழமையே சொன்னாள்:
"தேத்தண்ணி கொண்டு வாறானே, அவன்தான்."
நாங்கள் சிரித்த சிரிப்பில்
இரத்த அழுத்தம் ஏறி இரண்டு மெஷின் கத்தியது.
"ஒவ்வொரு அறைக்குள்ளயும் வாறான்.
எல்லாத்தையும் கேக்கான்.
ஒருத்தனாவது அவன்ட பேரக் கேட்டானா?
நானும் பன்ரெண்டு வருஷம்
கடகடையா இடியப்பம் குடுக்கிறவள்.
யாவாரம், கடன், கள்ளத் தொடர்பு, எல்லாம் தெரியும் எனக்கு.
அவங்களுக்கு நான் இடியப்பம், அவ்வளவுதான்."

பந்தயம் அன்று வைத்தது:
வென்றவருக்கு ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழம்,
முழுசாய், நிரோஷிக்குத் தெரியாமல்.
எங்கள் நால்வருக்கும் அது விஷம்.
அதனால்தான் அது பந்தயம்.

முப்பத்தேழாம் கிழமை அவள் வரவில்லை.
அடுத்த திங்கள் விரிப்பு மாற்றியிருந்தது.
மிச்சம் மூன்று கிழமையும் நாங்கள்
கொலைகாரன் பற்றிப் பேசினோம், சத்தமாக.

இன்று உதுமாலெவ்வை
தலையணைக்குக் கீழிருந்து பையை எடுக்கிறார்.
பழத்தின் மணம் ஸ்பிரிட் மணத்தைத் தாண்டி வருகிறது.
நிரோஷி நிமிர்கிறாள்,
என்னவோ நினைத்துக்கொண்டு
மருந்து எண்ணப் போய்விடுகிறாள்.

எங்கே வைப்பது?
கட்டிலில் ஆள் இருக்கிறது.
இரண்டு கிழமையாய் வரும் மெலிந்த மனிசன்,
சுவரைப் பார்த்துப் படுப்பவர்.
எங்கள் கதைக்குள் ஒரு சொல்லும் போடாதவர்.
'புது ஆள்' என்போம்.
'மூண்டு' என்பாள் நிரோஷி.

பக்கத்து மேசையில் பழத்தை வைத்த சத்தத்துக்கு
அவர் திரும்புகிறார்.
"இது ஆருக்கு?"

உதுமாலெவ்வை என்னைப் பார்க்கிறார்.
நான் என் குழாயைப் பார்க்கிறேன்,
சிவப்பு போய்க்கொண்டும் வந்துகொண்டும்.

புவனமலர்தான்,
சாட்சியிடம் கேட்டுப் பழகிய குரலில்,
ஆனால் கொஞ்சம் தடுமாறி:

"முதல்ல
உங்கட பேரச் சொல்லுங்க."