கேட்கும் வரை

முதல் தளத்தில் வென்டல் முஷ்டியை உயர்த்தினான்:
அவுட்.
பந்துக்காக எட்டியவளின் கால்நுனி
தளத்தைவிட்டு ஒரு விரற்கடை எழும்பியதை
முகக்கவசக் கம்பிகளின் ஊடே
நான் பார்த்தேன்.
சொல்ல முடியாது. தீர்ப்பு அவனுடையது.
அவன் கேட்க வேண்டும்.

வில்பர் ஊர்ச் சோளக்காட்டோரம்
மடக்கு நாற்காலிகள் காலியாகி எல்லோரும் நின்றார்கள்.
பயிற்சியாளர் குபிசெக் தொப்பியைக் கழற்றி
மரியாதையாகத்தான் கத்தினார்.
பன்னிரண்டு வயது ஓட்டக்காரி
முழங்கால் மண்ணைக்கூடத் தட்டவில்லை.

வென்டலுக்கு இது மூன்றாவது ஆட்டம்.
என்னைப் பார்த்தான், பிறகு தன் ஷூவை.
நடந்து வந்தான்.
கூட்டத்துக்கு முதுகு காட்டி நின்றோம்.
"டார்லா, கால்?"
"எழும்பிச்சு."

திரும்பிப் போய்
அவனே கைகளை விரித்தான்: சேஃப்.
இப்போது எதிர்ப்பக்கம் கூச்சல்.
நான் குனிந்து
சுத்தமாகவே இருந்த பிளேட்டைத் துடைத்தேன்.