நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே

ஆவணியில் கடலில் கரைத்த பிள்ளையாரின்
கரையாத இரும்புக்கூடு ஏதோ ஒன்று
தேசப்பன் படகைக் குத்தியிருந்தது.
"சாமி குத்தம்னு சொல்லாத, கம்பி குத்தம்னு சொல்லு"
என்றபடி ஓட்டையில் கையை விட்டுக் காட்டினார்.
மணிக்கட்டு வரை போனது.

காசிமேட்டில் ஐஸ் லாரிகள் திரும்பும் மூலையில்
தார்ப்பாய் கட்டி வேலை.
கிரைண்டர் வைத்தால் காயம் முதலில் பெரிதாகும்.
உள்ளங்கை ஓட்டைக்கு
சுற்றிலும் முக்கால் அடி சரித்துத் தேய்க்க வேண்டும்,
பழையது எங்கே முடிகிறதென்று
விரலுக்கே தெரியாதபடி.
கண்ணாடித் தூள் கழுத்து மடிப்பில் குடியேறும்.
அந்த நாட்களில் மகளை நான் தூக்குவதில்லை.
குழாயடியில் குளித்துக் கைலி மாற்றிய பிறகும்
"அப்பா அரிக்குது" என்பாள்,
தொடாமலே.

ரெசின் ஐந்து, ஹார்ட்னர் ஒன்று.
கண்ணளவு கிடையாது, தராசு.
மழை கறுக்குமுன் நான்கு அடுக்குத் துணி,
ரோலரால் குமிழிகளைத் துரத்தியபடி.
ஒரு போன் பேசி முடிப்பதற்குள்
கப்பில் மிச்சமிருந்தது கொதித்துப் புகைந்து
கல்லாய் நின்றது, குச்சியோடு.

காலையில் மேலே ஒரு வழுவழுப்பு.
எப்பாக்ஸியின் வியர்வை என்போம்.
கழுவாமல் எதைப் பூசினாலும் உரியும்.

நீலம்தான் இரண்டு நாள் தின்றது.
டப்பாவில் வரும் ஜெல்கோட் நீலம்
ஜூன் மாதத்துச் சீருடை மாதிரி.
படகில் இருப்பதோ ஆறு வருட வெயில்.
கொஞ்சம் வெள்ளை, ஊசிமுனைக் கறுப்பு,
ஒரு சொட்டு மஞ்சள்,
கூடிவிட்டது, மறுபடி முதலிலிருந்து.
காற்றுப் படாமல் பிளாஸ்டிக் தாள் ஒட்டிக் காயவைத்து
ஈரத்தாளால் தேய்த்து முடித்தபோது
தேசப்பன் படகை மூன்று தடவை சுற்றினார்.
"எங்கப்பா?"
நான் வாயைத் திறக்கவில்லை. தேடட்டும்.

அப்புறம்தான் சொன்னார், விற்கப்போகிறாராம்.
"வாங்க வர்றவன்கிட்டயும் இதே மாதிரி கம்முனு இரு."

பழவேற்காட்டிலிருந்து வந்தவர்
நீலத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.
ஐந்து ரூபாய்க் காசால் தட்டிக்கொண்டே வந்தார்,
மூக்கிலிருந்து எஞ்சின் பக்கம் வரை.
பொத், பொத், பொத்.
ஓரிடத்தில் டங்.
நின்றார். காதை ஒட்டி வைத்து இன்னொரு தட்டு.
"இங்க மட்டும் நல்லா இருக்குதே?"
எட்டாயிரம் குறைத்துவிட்டார்.

தேசப்பன் கடலைப் பார்த்தார், பிறகு என்னை.
நான் குனிந்து தார்ப்பாயை மடித்தேன்,
கழுத்தெல்லாம் அரித்தது.

போகும்போது அந்த ஆள்
என் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டார்.