பணிஸ்

நாயுருவிக்கு அந்தப் பேர் வைத்தவன்
இவனைப் பார்த்திருக்க வேண்டும்.
மழை விட்ட மூன்றாம் நாள்
குளக்கட்டால் ஒருமுறை நடந்து வந்தால்
வயிறு, தொடை, காதுக்குப் பின் மயிர்,
எங்கும் முள்.
விளக்கடியில் மடியில் கிடத்தி
ஒவ்வொன்றாய் எடுத்து
யோகட் கோப்பையில் போடுகிறேன்.

வத்தளையில் ஒரு பறங்கி அம்மாவிடம்
இந்த ஷெல்ட்டியை வாங்கி வந்தபோது
"உந்தக் காசுக்கு ரெண்டு பசு வாங்கலாமே, தங்கச்சி"
என்றார் மரியநாயகத்தார்.
குளிர்த் தீவொன்றில் ஆடு சாய்க்கப் பிறந்த சாதி.
மாங்குளத்து வெயிலில்
மத்தியானம் முழுக்கச் சீமெந்துத் தரைதான்.
ஐந்து மணிக்குப் பிறகு உயிர் வரும்.
வந்தால்,
அயல் கோழி முழுவதும் ஒரு மூலையில்.

மனிதர்களும் சிதறி நிற்கக் கூடாது அவனுக்கு.
மறுவாழ்வு வாட்டுக்குக் கூட்டிப்போன முதல் நாள்
ஆளுக்கொரு சுவரைப் பார்த்திருந்தவர்களை
சுற்றி ஓடி, குரைத்து,
சக்கரக் கதிரைகளை மூக்கால் தள்ளி
பத்து நிமிடத்தில் நடுவுக்குக் கொண்டுவந்தான்.
நாங்கள் ஆறு மாதமாய்
"குழுச் சிகிச்சை" என்று
பலகையில் எழுதி மட்டும் வைத்திருந்தோம்.

போட்டிக்குப் பழக்கியது பின்வளவில்.
தண்ணிப் பைப்பை வெட்டிப் பன்னிரண்டு தடி,
வேம்பில் தொங்கவிட்ட டயர்,
சுரங்கத்துக்கு நீலத் தறப்பாள்.
அதை விரித்தபோது
கோணேஸ்வரி விலகி நின்றாள்.
தறப்பாளுக்குக் கீழே பதினாலு மாதம் கிடந்தவள்.
பணிஸ் ஒரு வாயால் புகுந்து
மறுவாயால் வந்து
திரும்பவும் புகுந்தான்.
மூன்றாம் கிழமை
அவளே மறுமுனையில் குந்தியிருந்து கூப்பிட்டாள்:
"வாடா, கெதியா வாடா,
இஞ்சால வெளி."

குகதாசனின் செயற்கைக் காலுக்கு
முழங்காலில் ஒரு பூட்டு.
எழும்பும்போது 'கிளிக்' என்று விழும்.
அந்தச் சத்தம் கேட்டால்
எந்த வேலையையும் விட்டுப் போ,
சப்பாத்தில் தாடையை வை,
ஆள் நிலை எடுக்கும்வரை அசையாதே.
ஆயிரம் தடவை பழக்கினோம்.
ஆயிரம் துண்டு அவித்த ஈரல்.

கொழும்பில், புல்லுத் திடலில்
எங்களுடையது இலக்கம் நாற்பத்தொன்று.
ஏ-ஒன்பது வீதி முழுக்கச் சத்தியெடுத்து வந்தவன்
நாலு தடையும் தாண்டின விதத்தில்
நான் ஓட மறந்துபோனேன்.
டயர். சுரங்கம்.
தடிகளில் ஐந்து, ஆறு, ஏழு.
முன்வரிசையில் யாரோ எழும்பினார்கள்.

கிளிக்.

எட்டாவதில் வளைய வேண்டியவன் நேரே போனான்.
மினுக்கின கறுப்புச் சப்பாத்து.
மேலே மடிப்புக் கலையாத காற்சட்டை,
ஒட்ட வெட்டின தலை,
நேராய் நிற்கப் பழகின முதுகு.
எந்த இடத்தில் போனது என்று நான் கேட்கவில்லை.
என் சட்டையில் ஊர்ப்பேர் இருந்தது.
அதை அவர் வாசித்தார்.

"நம மொக்கத?"
"பணிஸ்."
சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.
அவர்களுக்கும் அது பணிஸ்தான்.
கையைக் கீழே கொண்டுபோய்
பாதியில் வைத்துக்கொண்டு
என்னைப் பார்த்தார்.
நான் தலையாட்டினேனா, தெரியாது.
பணிஸ் அசையவில்லை.
ஆள் இன்னும் நிலை எடுக்கவில்லை என்பது அவன் கணக்கு.
மணிக்கூடு ஓடிக்கொண்டே இருந்தது.

நடுவரின் தாளில் ஒரே சொல்:
நீக்கம்.

வாட்டில் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள்.
குகதாசன் கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்:
"எந்தக் கால்?"
"இடது."
"முழங்காலுக்கு மேலயோ?"
"ஓம்."
"பூட்டுக்கு எண்ணெய் விடச் சொல்லியிருக்கலாம், பிள்ளை.
சத்தம் அவ்வளவு கேக்கக் கூடாது."

தூக்கத்திலும் இவன் கால்கள் ஓடுகின்றன.
எட்டாவது தடியோ,
வேறெங்கேயோ.
காதுக்குப் பின் இன்னும் ஒரு முள்.
இழுத்தால் எழும்பிவிடுவான்.
காலையில் எடுக்கலாம்.