மழை படாத பக்கம்

நாலாம் வருஷம் ஆவணியில் போன் வந்தது.
"ஜன்னல் நகர மாட்டேங்குது பாய்,
சட்டமெல்லாம் பூத்துப் போச்சு."
பூத்துப் போச்சு என்றுதான் சொன்னார்
ரொசாரியோ டீச்சர்.
தேவனாம்பட்டினத்தில்
கடலிலிருந்து இரண்டாவது வரிசை வீடு.

பழைய டவுனில் என் கடை.
டூல்ஸ் பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு
கெடிலம் பாலம் ஏறும்போதே
பதில்களை அடுக்க ஆரம்பித்துவிட்டேன்.
"அலுமினியம் துருப்பிடிக்காது டீச்சர்."
பதினெட்டு வருஷமாக எல்லோருக்கும் சொன்னது.
பொய்யில்லை.
துரு என்பது இரும்பின் சொந்தச் சொத்து.
இதற்கு வேறு சொல் வேண்டும்.

கீறிப் பாருங்கள்.
கீறிய இடத்தில் இமைக்குமுன்
ஒரு தோல் போர்த்திக்கொள்ளும்.
காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.
கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்கும் தெரியாது.
அந்தத் தோலை நம்பித்தான்
கடன் வாங்கிக் கடை போட்டேன்.

உப்பு அதை முழுசாக உரிப்பதில்லை.
ஓரிடம் போதும், ஊசிமுனைகூட வேண்டாம்.
உள்ளே போய் உட்கார்ந்து
தனக்கான புளிப்பைத் தானே காய்ச்சிக்கொண்டு
கீழே கீழே தோண்டும்.
மேலே மூடியாக ஒரு வெள்ளைப் பொடி,
துடைத்தால் போய்விடும் போல.
துடைத்தேன். போனது.
அடியில் இருந்த குழியில்
பென்சில் முனை இறங்கியது.

டீச்சர் மோர் கொண்டுவந்து வைத்தார்.
"கடல் பக்கத்து ஜன்னல் நல்லாத்தான் இருக்கு.
அதான் புரியல."

ஐப்பசி மழையையும் கார்த்திகைப் புயலையும்
நேராக முகத்தில் வாங்கிய ஜன்னல்.
கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான்.
கெட்டது பின்னால்,
சன்ஷேடுக்கு அடியில் ஒண்டியிருக்கும் அடுப்படி ஜன்னல்.
ஒரு நாளும் கடலைப் பார்க்காதது.

எனக்கும் பிடிபடவில்லை.
சட்டத்தின் மேல்விளிம்பில் விரலைத் தேய்த்து
நக்கிப் பார்த்தேன்.
டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உப்பு.

மழை அடிக்கும் பக்கத்தை மழையே கழுவிவிடுகிறது.
இங்கே நாலு வருஷத்து உப்பும் அப்படியே.
வெயிலில் காயும்,
விடியற்காலை ஈரத்தில் மறுபடி கரையும்,
விட்ட இடத்திலிருந்து தோண்டும்.
பத்திரமாக இருக்கட்டும் என்று
அந்த சன்ஷேடை அரையடி நீட்டச் சொன்னவன் நான்.

ஒரு திருகாணியைக் கழற்றினேன்.
தலை மட்டும் கையோடு வந்தது.
என்ன போட்டிருக்கிறேன் என்று
கழற்றுமுன்பே தெரியும்.
துத்தநாகம் பூசிய இரும்பு, ஒன்று ஒன்றேகால் ரூபாய்.
ஸ்டெயின்லெஸ் நாலு ரூபாய்.
நடுவில் நைலான் வாஷர் நாற்பது பைசா.
இந்த வீட்டுக்கு நூற்றுத் தொண்ணூறு.
கேட்காமலே மனசு பெருக்கிச் சொன்னது:
ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு ரூபாய் ஐம்பது பைசா.

உப்பு ஈரத்தில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டால்
ஒன்று மற்றதற்காகக் கரையும்.
முதலில் துத்தநாகம் தன்னைக் கொடுத்தது,
ஒரு வருஷமோ ஒன்றரையோ.
அது தீர்ந்ததும் சட்டத்தின் முறை.
ஒவ்வொரு திருகாணியைச் சுற்றியும்
அம்மைக் கொப்புளம் மாதிரி வெள்ளை வட்டம்.

"உப்புக்காத்துல எதுதான் நிக்கும் பாய்?"
என்றார் டீச்சர்.
பாலத்தில் நான் அடுக்கியதில் அதுவும் ஒன்று,
மூன்றாவதோ நாலாவதோ.
ஆமாம் என்று தலையாட்டினால் முடிந்தது.

மோர் பாதி இருந்தது.
அதைக் குடித்துவிட்டு,
"காத்து இல்ல டீச்சர், திருகாணி" என்றேன்.
வாஷரைப் பற்றியும் சொன்னேன்.
அரையடியைப் பற்றிச் சொல்லவில்லை.
சட்டம் அடுத்த வாரம், காசு வேண்டாம்,
அதுவரை அந்த ஜன்னலுக்கு
தினம் ஒரு குடம் நல்ல தண்ணி ஊற்றுங்கள்.
"ஜன்னலுக்கா?" என்று சிரித்தார்.

திரும்பும்போது பாலத்தில் வண்டியை நிறுத்தி
விரல்விட்டு எண்ணினேன்.
தாழங்குடாவில் மூன்று வீடு.
சிங்காரத்தோப்பில் ஒன்று, மாடியோடு.
துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி ஆபீஸ்.

யாரும் இன்னும் போன் பண்ணவில்லை.