பூசினி ஏலம்

எங்கட வீட்டில அந்த வருசம்
முப்பத்தேழு பூசினிக்காய்.
கட்டிலுக்குக் கீழ, அம்மி மறைய,
மாதா படத்துக்கு நேர கீழயும் ஒண்டு.
வெங்காயப் பிடி தொங்கிற கம்பு மட்டுந்தான் மிச்சம்.
அப்படிக் கிடக்க, என்ர மனிசன்
காசு குடுத்து இன்னொரு பூசினி வாங்கி வந்தவர்.

ஆளைத் தெரியாட்டிச் சொல்லுறன்.
கயித்தாம்பிள்ளை. சில்லாலை.
திருநாள் நோட்டீசின்ர பின்பக்கத்தில கணக்கெழுதுறவர்.
சந்தைக்குச் சாக்குக் கட்டின சணலை
அவிட்டுத் திரும்பக் கொண்டு வாறவர்.
பூசைக்குப் போகேக்க செருப்பைக் கையில பிடிச்சு
கோயில் கேற்றடியிலதான் காலில போடுவார்.
"றோட்டுக்குத் தின்னக் குடுக்கவோ வாங்கினனான்?"
கலியாணம் முடிச்ச கிழமை
தேத்தண்ணிக்குச் சீனி தேடினன்.
ஒரு பனங்கட்டித் துண்டை நீட்டி
"இதைக் கடி, நாலு பேணி குடிக்கலாம்" எண்டார்.
கடிக்கிறன், இருபத்தொன்பது வருசமா.

ஊருக்குத் தவக்காலம் நாப்பது நாள்.
எங்களுக்கு மிச்ச நாளும் அதுதான்.
உயிர்த்த ஞாயிறு ஒரு சேவல் அடிப்பம்,
அதிலயும் ஒரு கால் படலை தாண்டிப் போகும்.
ஆருக்கு எண்டு கேட்டால்
"உன்ர சட்டி சின்னன்" எண்டுவார்.

தை கடைசி ஞாயிறு விளைச்சல் பூசை.
முடிய, முற்றத்தில ஏலம்.
வாழைக்குலை போனது. இராசவள்ளி போனது.
மூப்பற்ர கறுத்தச் சேவல் கத்திக் கத்தி
பிரான்சால வந்தவரிட்டப் போனது.
கடைசியாச் சலோமையின்ர பூசினி.
கால் பரப்புக் குத்தகையில
வாளியால அள்ளி ஊத்தி வளர்த்தது.
ஒரு பக்கம் மண் தின்ற வடு.
சுமாடு வைச்சுத் தலையில கொண்டு வந்து
சீலைத் தலைப்பால துடைச்சு வைச்சவள்.

"நூறு?" எண்டார் மூப்பர்.
ஒருத்தரும் இல்லை.
ஆரோ மோட்டச்சைக்கிளை உதைக்கிற சத்தம்.
சலோமை தன்ர கால்விரலைப் பாத்துக்கொண்டு நிண்டாள்.

"நூறு" எண்டார் இவர்.
"நூறு ஒருதரம்..."
"இருநூறு." அதுவும் இவர்தான்.
மூப்பர் கண்ணாடியைக் கழட்டினார்.
"கயித்தான், நூறு கேட்டதும் நீதானே?"
"அந்தாள் குறைச்சுக் கேட்டுட்டார். ஐந்நூறு."
சனம் சிரிச்சுது. சுவாமியாரும் சிரிச்சார்.
இவர் சிரிக்கேல்ல.
சுன்னாகத்தில தரகனோட நிக்கிற அதே முகம்.
ஆயிரத்தில் தன்னை வெட்டி,
மூவாயிரத்தில் தன்னை முறைச்சு,
எண்ணாயிரத்தில்தான் மூச்சு விட்டார்.

அது என்ன காசு எண்டு எனக்குத் தெரியும்.
இறைப்பு மிசினுக்குப் புது புட்வால்வு,
மிச்சத்துக்கு எனக்கு மூக்குக்கண்ணாடி.
மடியில ரப்பர் வளையம் போட்டுக் கிடந்தது.
வளையத்தைக் கழட்டிப் பையில வைச்சிட்டு
காசை மட்டும் குடுத்தார்.

சைக்கிள் கரியரில பூசினி. உருட்டிக்கொண்டு அவர்.
பின்னால நான், வாய் திறக்கேல்ல.
படலையடியிலதான் கேட்டன்:
"பாவமெண்டால் சலோமையின்ர கையில
குடுத்திருக்கலாமே, ஏன் கோயிலுக்கு?"
"அவள் கேக்க வரேல்லயப்பா.
குடுக்க வந்தவள்."
பிறகு பூசினியைத் தட்டிப் பாத்து,
"விதையை எறிஞ்சு போடாத, விலை கூடின சாமான்."

புட்வால்வைச் சைக்கிள் ரியூப்பால சுத்திக் கட்டினார்.
விடியப்புறம் ஒவ்வொரு நாளும்
குழாய்க்குள்ள ரெண்டு வாளி தண்ணி நான் ஊத்தவேணும்,
பேசிப் பேசித்தான் ஊத்தினன்.
ஊசியில நூலைக் குத்துமதிப்பாக் கோர்த்தன்.

பூசினி இனிக்கேல்ல. வெறும் தண்ணி.
நாலு நாள் கறி. தோலில சம்பல்.
விதையைக் கழுவிச் சுளகில பரப்பி எண்ணினன்:
இருநூறு. ஒண்டு நாப்பது ரூபா விழுது.
அந்த நேரம் பாத்து அயல் வீட்டுக் கோழி வந்து
மூண்டைக் கொத்தீட்டு ஓடிச்சுது.
"நூற்றிருபது! நூற்றிருபது!" எண்டு
விளக்குமாறோட நான் வேலி மட்டும் ஓட,
கிணத்துக்கட்டில வயித்தைப் பிடிச்சுக்கொண்டு
சிரிக்கிறார் மனிசன்.