ஒரு பக்கத்துக்கு மிகாமல்

பேராயர் இல்லத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது.
ஏதோ மலருக்காம்.
சிற்றாலயத்தின் வரலாறு,
ஒரு பக்கத்துக்கு மிகாமல், கறுப்பு மையில்.
சாவி உன்னிடம்தானே இருக்கிறது,
நீயே எழுது என்றார்கள்.

அமைவிடம்:
குள்ளஞ்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி
செம்மண் பாதையில் ஆறு கிலோமீட்டர்.
அதற்குமேல் அடையாளம் சொல்ல வராது.
பத்திரத்தில் எழுதுகிற மாதிரி எழுதினால்
இதற்குச் செக்குபந்தி:
கிழக்கே முந்திரி. மேற்கே முந்திரி.
வடக்கே தனவேலுவின் மோட்டார் கொட்டகை.
தெற்கே கல்லறை,
அதற்கும் தெற்கே இன்னொரு கல்லறை.
இரண்டு எதற்கு என்று
படிவத்தில் கேள்வி இல்லை.

கட்டியவர்:
லெபோர் சாமி, பிரெஞ்சுக்காரர்.
புதுச்சேரியிலிருந்து குதிரையில் வந்து
மூன்றாம் மழைக்காலத்தில் காய்ச்சலில் போனார்.
ஞானஸ்நானப் புத்தகத்தில் அவர் எழுத்து
எறும்புச் சாரி மாதிரி, லத்தீனில்.
செம்புராங்கல் வெட்டிச் சுமந்தவர்கள் அதில் இல்லை.
அவர்களுடைய பிள்ளைகள் இருக்கிறார்கள்,
பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எழுத்தோடு.
அது என்ன எழுத்து என்று
வந்த சாமியார்களிடமெல்லாம் கேட்டேன்.
ஒருவர் இருமினார்.
ஒருவர் பைக்கை உதைத்தார்.
மூன்றாமவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்,
எனக்குத் தெரிந்ததைத்தான்.

பாதுகாவலர் செபஸ்தியார்.
அம்புகள் எப்போதோ உதிர்ந்துவிட்டன.
இப்போது துளைகளில் இருப்பவை சைக்கிள் கம்பிகள்,
பஞ்சர் கடை மதலைமுத்துவின் நேர்ச்சை.
சாயங்கால வெயிலில் மின்னும்.

வாசலில் தீர்த்தச் சட்டி.
கொட்டை உடைத்து உடைத்து
முந்திரிப்பால் அரித்த விரல்கள்,
ரேஷன் கடை மிஷினில் ரேகை விழாத விரல்கள்
அதில் முங்கும்போது எரியும்.
சிலுவை போடுகையில் நாங்கள் முகம் சுளிப்பது
பக்தியால் என்று
புதுச் சாமியார் நினைத்துக்கொள்கிறார்.

முக்கிய நிகழ்வுகள், இரண்டு வரி இடம்:
தானே புயல்.
வெள்ளிக்கிழமை விடியலில் ஓடெல்லாம் போயிற்று.
தோப்பு வேரோடு சாய்ந்து கிடந்தது.
முதன்முதலாகக் கோயில் வாசலில் நின்று
கடல் பக்கத்து வானத்தைப் பார்த்தோம்.
சுவர்கள் நின்றன.
நடுச்சுவரும் நின்றது,
இடுப்பளவு, கதவிலிருந்து பீடப்படி வரைக்கும்,
அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள் என்று
தொண்ணூறு வருஷமாக நின்றது.

மறுநாள் ராத்திரி வருஷப் பிறப்பு.
பாதை முழுக்க மரம்.
பூசைக்குச் சாமியார் வரவில்லை.
கூரையில்லாத கோயிலுக்குள்
நட்சத்திரம் அத்தனையும் இறங்கியிருந்தது.
கடப்பாரை பிராஞ்சிஸ்காளுடையது.
டார்ச் பிடித்தது நான்.
அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள்.
தடுக்கத்தான் என்று நினைத்து
டார்ச்சை அணைத்தேன்.
இருட்டில் மண்வெட்டி விழும் சத்தம் கேட்டது,
எங்கள் சத்தத்தோடு சேர்ந்து.
பெயரைச் சொல்லிவிடாதே என்று
அன்றைக்கே கேட்டுக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை வருவாய் ஆய்வாளர் வந்தார்.
உட்சுவர் ஒன்று, புயலால் முழுச் சேதம்
என்று குறித்துக்கொண்டார்.
ஊர் வாயைத் திறக்கவில்லை, இரண்டு பக்கமும்.
சுவருக்கும் சேர்த்து நிவாரணம் வந்தது.
தலைக்கு மேல் இருக்கும் தகரம் அந்தப் பணம்தான்.
மழை பெய்தால் பிரசங்கம் கேட்காது.

தற்போதைய நிலை:
மாதம் ஒரு பூசை, சாமியாருக்கு ஒழிந்தால்.
மணி பெரிய பங்குக்கு இரவல் போனது, திரும்பவில்லை.
சுரங்கத்திலிருந்து எஸ்தாக்கி கொண்டுவந்த
தண்டவாளத் துண்டை அடிக்கிறோம்.
சுவர் இருந்த இடத்தில் சிமெண்ட் வேறு நிறம்.
பெரியவர்கள் இன்னும்
அவரவர் பக்கத்தில்தான் உட்காருகிறார்கள்.
பொடிசுகள் பூசை நடுவில்
அந்தக் கோட்டின் மேல் அடி மேல் அடி வைத்து
கைகளை விரித்துக்கொண்டு நடக்கின்றன,
கயிற்றில் நடப்பதுபோல்.

பக்கம் தீர்ந்துவிட்டது.
முக்கிய நிகழ்வுகளுக்கு நேரே
‘புயல்’ என்று மட்டும் எழுதி
உறையை ஒட்டப் போனேன்.
கொட்டை உடைத்துக்கொண்டே பிராஞ்சிஸ்காள் கேட்டாள்:
என் கடப்பாரையப் பத்திப் போட்டியா?